இடப்பக்கம் தாழ்ந்த ஜீப்

மனைவி பவுன்தாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், மழித்த தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, செல்லாண்டி தன் ஜீப்புக்குப் பின் ஆக்சில் வாங்க மலையை விட்டு நடந்தே இறங்கி, தேனிச் சாலையில் இருந்த மீரான் ராவுத்தரின் காயலான் கடைக்குப் போனான். துக்க வீட்டுக்காரன் இத்தனை சீக்கிரம் இரும்புக்கடைக்குப் போவதா என்று யாரும் கேட்கவில்லை. போடிக்கு மேலே, மேகத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நாற்பது வீடுகளோடு இருந்த சாரல்பாறைக்கு இருந்தது அந்த ஒரே ஜீப்தான். காப்பி மூட்டையும் மிளகும் அதில்தான் இறங்கின, அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் அதில்தான் ஏறின, நோயாளி இறங்குவதும் பிள்ளை பெற்றவள் ஏறுவதும் அதில்தான், அது நின்றுபோன பதினேழு நாட்களாக ஊரே எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டிருந்தது.

ஜீப் நின்ற கதையும் பவுன்தாய் இறந்த கதையும் ஒரே கதைதான். பின்சக்கரங்கள் இரண்டையும் கோத்துச் சுழற்றுகிற அந்த ஆக்சில் மூன்று வாரமாக ஊளையிட்டுக்கொண்டிருந்ததைச் செல்லாண்டி கேட்டிருந்தான். காப்பிப்பழம் எடுக்கிற சமயத்தில் வண்டியை நாலு நாள் பட்டறையில் போட முடியாது, அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டான். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை பவுன்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அவளைப் பின்னால் படுக்கவைத்து இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் ஆக்சில் உடைந்தது. கம்பளியில் தூளி கட்டிச் சுமந்தார்கள். அடிவாரத்துக்கு வந்தபோது தூளியைத் தூக்கியவர்களுக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் யாரும் சொல்லாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ராவுத்தர் அறுபது வயதுக்காரர், துருவின் நிறமே உடம்புக்கும் வந்துவிட்டவர். செல்லாண்டியின் தலையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனார். லாரிக் கூண்டுகளும் டிராக்டர் மூக்குகளும் அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டி, வேப்பமரத்தடியில் தனியாக ஒரு ஆக்சில் கிடந்தது.

"பல்லு எத்தனை?" என்றான் செல்லாண்டி.

"நீயே எண்ணிக்க."

மூடியைக் கழற்றி, சாக்பீசால் ஒரு பல்லில் கோடு போட்டு, கையால் சுற்றிச் சுற்றி எண்ணினான். உள்ளே பெரிய பற்சக்கரத்தில் நாற்பத்து மூன்று, சின்னதில் எட்டு. அவன் வண்டியின் முன் ஆக்சிலிலும் அதே கணக்குத்தான். முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றையொன்று கடித்து உடைத்துவிடும். பற்கள் புதுக்காசு போல இருந்தன. குழாயின் இடப்பக்கம் மட்டும், யாரோ தெரிந்த கை பற்றவைத்த ஒரு தழும்பு ஓடியது.

"எந்த வண்டியிது, பாய்?"

"பழனி மலைப்பக்கம் பள்ளத்துல போன ஜீப்பு. மத்ததெல்லாம் நசுங்கிருச்சு, இது மட்டும் தப்பிச்சுது." ராவுத்தர் கொஞ்சம் தயங்கினார். "மறைக்கக் கூடாது பாரு. இதைச் சமதரையில வச்சாலும் இடப்பக்கமாச் சாயுது. ஏன்னு எனக்கு வெளங்கல. மூணு பேரு வேணாம்னுட்டுப் போயிட்டாங்க."

"ஓடுமா?"

"ஓடுறதுக்குக் குறையில்ல."

"அப்பச் சரி" என்றான் செல்லாண்டி. ஓடாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சாய்வது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஆக்சிலை வாடகை வண்டியில் அடிவாரம் வரை கொண்டுவந்து, மழைச்சேற்றில் அது மேலே ஏறாததால் அங்கிருந்து எட்டுப் பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி, ஒன்பதாவது வளைவில் நின்றிருந்த ஜீப்புக்கு அங்கேயே மாட்டினார்கள். மாட்டி முடித்துச் செல்லாண்டி தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறினான். இரண்டு வளைவு தாண்டியதும் பின்பக்கம் இடப்புறம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. இறங்கி டயரில் காற்றுப் பார்த்தான், சரியாக இருந்தது. அடியில் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தான், ஒன்றும் முறியவில்லை. கடைசியில் உள்ளே பார்த்தான். பின்னால் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நீளப் பலகைகளில் இடப்பக்கத்துப் பலகையின் ரெக்சின் மெத்தை, முன்சீட்டை ஒட்டிய மூலையில், ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி அழுந்துமோ அப்படி அழுந்தியிருந்தது. கையை வைத்துப் பார்த்தான். வெறும் மெத்தைதான், கொஞ்சம் இளஞ்சூடாக இருந்தது. அவன் வண்டியை எடுத்தான், மிச்ச வளைவுகளில் மெதுவாக, பின்னால் ஆள் இருக்கும்போது ஓட்டுகிற மாதிரி ஓட்டினான்.

மறுநாள் முதல் நடையில் ஒச்சம்மா ஏறினாள். புருஷனைக் காசநோய்க்குக் கொடுத்தவள், ஊரில் எல்லோரையும் அதட்டுகிறவள். பழக்கத்தில் அந்த மூலையில் உட்காரப் போனவள், பாதி குனிந்தபடியே நின்றாள்.

"ஆளு இருக்காக" என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

பின்னால் ஏறியவர்கள் அவளைத் தாண்டிப் பார்த்தார்கள், மெத்தைப் பள்ளத்தைப் பார்த்தார்கள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணிவிட்டு, வண்டியின் சாய்வையும் பார்த்துவிட்டு, நோட்டில் ஒன்று கூட்டி எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அப்படித்தான் எழுதினார்.

யாருடைய கனம் என்பதுதான் பேச்சாயிற்று. எப்படி வந்தது என்பதை யாரும் பேசவில்லை. ஒரு காப்பி மூட்டையை அந்த மூலையில் வைத்தால் வண்டி எவ்வளவு தாழுமோ, அதைவிட ஒரு விரற்கடை குறைவாகத் தாழ்ந்தது. நோய் தின்று தின்று கடைசியில் தன் புருஷன் அந்த எடைக்குத்தான் வந்திருந்தார் என்றாள் ஒச்சம்மா. ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் போய்த் திரும்பாத தன் தம்பி ஒடிசலானவன், இந்தக் கனம்தான் இருப்பான் என்றார் சின்னக்காளை. பெருமாயி என்றொருத்தி இருந்தாள். அவள் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போய்ப் பதினைந்து வருஷமாகிவிட்டது. அவள் பலநாள் ஒன்றும் பேசாமல் வந்துபோய்விட்டு ஒருநாள் சொன்னாள், "எம்புள்ள இருந்திருந்தா இப்ப இந்த வெயிட்டுத்தான் இருப்பா." 

இப்படிப் பதினொரு வீடுகள் அந்தக் கனத்துக்கு உரிமை கொண்டாடின. சண்டை வரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கோயில் முன்னால் கூடி நாள் பிரித்துக்கொண்டார்கள், இன்ன நாள் இன்ன வீடு அந்த மூலைக்குப் பக்கத்தில் உட்காருவது, மற்றவர்கள் காது கொடுக்காமல் வெளியே பார்ப்பது என்று. ஒச்சம்மா தன் முறையில் வீட்டுக்கூரை ஒழுகுவதைச் சொல்லிப் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். சின்னக்காளை ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியைப் பலகையோரம் வைத்தார். பெருமாயி ரிப்பன் வாங்கி வந்து கம்பியில் கட்டினாள். மழைநாளில் அந்த மூலைக்கு மட்டும் தார்ப்பாய் இறக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமையைச் சோலைக்கு விட்டுக்கொடுத்தார்கள். செல்லாண்டியின் ஒரே மகள், பன்னிரண்டு வயது, போடியில் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை மலையேறி, திங்கட்கிழமை இறங்குவாள். முதல் சனிக்கிழமை ஒச்சம்மாதான் அவளை மூலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கம்மாகூடப் பேசிட்டு வா தாயி" என்றாள். சோலை அந்த வாரத்தை முழுசாகச் சொன்னாள். கணக்கில் வாங்கிய மதிப்பெண், விடுதியில் போட்ட புளித்த மாவு தோசை, சிநேகிதியோடு காய் விட்டது, பிறகு பழம் விட்டது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் செல்லாண்டி மகளைப் பார்த்தான். தாய் செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இறுகிக் கிடந்த முகம் அது. இப்போது அது அசைந்தது, சிரித்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த மலையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கனம் அவனோடு வேப்பமரத்தடியிலிருந்து வந்தது. ராவுத்தர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒச்சம்மாவின் புருஷனோ சின்னக்காளையின் தம்பியோ பழனி மலைப் பள்ளத்தில் விழவில்லை. பவுன்தாய் விழவில்லை. பவுன்தாயைத் தூளியில் அவனே சுமந்தான், அவள் கனம் அவன் தோளுக்குத் தெரியும், இது அதில்லை. இதெல்லாம் தெரிந்தே கார்த்திகையிலிருந்து ஆனி வரை எட்டு மாதம் அவன் பேசாமல் ஓட்டினான்.

ஆனியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மனிதர் மலையேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், இடது கால் வளைந்து நொண்டி நடந்தார், சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. டீக்கடை முன் நின்றிருந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு, அதன் அருகில் போகாமல், செல்லாண்டியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எம்பேரு இருளப்பன். பழனி மலையில தாண்டிக்குடிப் பக்கம். எனக்கும் ஜீப்பு இருந்துச்சு."

"சொல்லுங்க."

"சந்தையில பேசிக்கிட்டாங்க, இங்க ஒரு ஜீப்புல ஆளில்லாமக் கனம் இருக்குன்னு. ராவுத்தர் கடையில கேட்டேன், இங்கதான் குடுத்ததாச் சொன்னாரு. எம்மக உக்காந்திருந்தா வண்டியில. நர்சு படிப்புக்குச் சேக்கக் கூட்டிட்டுப் போனேன். மழை. நாந்தான் ஓட்டுனேன்." அவர் கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. "அந்தக் கனம் நெசந்தானா, தம்பி?"

செல்லாண்டிக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. நாளை மறுநாள் சோலை வருவாள்.

"ஆக்சிலு அங்க வாங்குனதுதான்" என்றான். "கனமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. மலைக்காரங்க சும்மா பேசுறது. பட்டை ஒரு பக்கம் தளந்துபோச்சு, அதான் சாயுது."

இருளப்பன் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார். "தொந்தரவு குடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து, ஜீப்பைத் தாண்டிப் போகும்போது அதன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், நொண்டி நொண்டிப் பாதையில் இறங்கினார்.

அவர் வாதாடியிருந்தால், காட்டு பார்க்கிறேன் என்று வண்டிக்கடியில் குனிந்திருந்தால், செல்லாண்டி இன்னும் இரண்டு பொய் சேர்த்துச் சொல்லியிருப்பான். அவர் நம்பிவிட்டார். அதுதான் அவனை உட்காரவிடாமல் செய்தது. தானே வண்டி ஓட்டித் தன் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவன், செல்லாண்டியைப் போலவே ஒருத்தன், செல்லாண்டி சொன்ன ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்த தூரமெல்லாம் திரும்ப நடக்கிறான். சோற்றுக்கு உட்கார்ந்த செல்லாண்டி கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தான்.

நான்காவது வளைவில் அவரைப் பிடித்தான். பாறையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லிட்டேன். ஏறுங்க" என்றான் செல்லாண்டி. "பின்னாடி ஏறுங்க."

அவர் எழுந்து வந்தார். பின்படியில் கால் வைத்து, மூலையைப் பார்த்து நின்றார். "அந்த மூலையிலதான் உக்காருவா. அங்கனன்னாத்தான் ஓட்டுறப்ப என் முகம் தெரியுமாம்" என்றார். பிறகு பலகையின் கடைசியில், பள்ளத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரத் தனக்குத் தகுதியில்லை என்பது போல உட்கார்ந்தார்.

செல்லாண்டி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். மெத்தையின் பள்ளம் நகர்ந்தது. மூலையிலிருந்து மெல்ல, ரெக்சின் எழுந்து அமிழ்ந்து எழுந்து அமிழ்ந்து, பலகை நீளத்துக்கும் வந்து, அவரை ஒட்டி நின்றது. அவர் தோள் ஒரு பக்கம் சரிந்தது, தூங்கும் பிள்ளையின் தலையைத் தாங்குகிறவர்களுக்குச் சரிகிற மாதிரி. எட்டு மாதத்தில் அந்தப் பள்ளம் யாருக்காகவும் நகர்ந்ததில்லை. ஒச்சம்மா திட்டியபோது நகரவில்லை, சோலை சிரித்தபோது நகரவில்லை. செல்லாண்டி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப்போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான். உள்ளே அவர் பேசுவது கேட்டது. நெடுநேரம் கேட்டது.

சாயங்காலம் ஊரைக் கூட்டிச் செல்லாண்டி எல்லாவற்றையும் சொன்னான். வேப்பமரத்தைச் சொன்னான், ராவுத்தர் சொன்னதைச் சொன்னான், எட்டு மாதம் மறைத்ததைச் சொன்னான். இருளப்பன் அதே பல் கணக்கில் வேறொரு ஆக்சில் கொண்டுவந்து தந்துவிட்டு இதை எடுத்துப் போவதாகக் கேட்கிறார் என்றான். யாரும் அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பதினொரு வீட்டுக்காரர்களும் இரண்டாம் முறை சாவுச்சேதி கேட்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வீட்டுப் பொம்பளப் புள்ளகிட்டயா நான் இத்தனை நாளு அப்படி ஏசுனேன்" என்றாள் ஒச்சம்மா.

சின்னக்காளை, "பீடி வேற வச்சேனே" என்றார்.

பெருமாயி எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை வரை பொறுக்கும்படி செல்லாண்டி இருளப்பனிடம் கேட்டுக்கொண்டான். சனிக்கிழமை விடுதி வாசலில் சோலை பையோடு ஓடிவந்து ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, "அம்மா, இந்த வாரம்" என்று தொடங்கினாள். அடிவாரத்தில் செல்லாண்டி வண்டியை நிறுத்தி, பின்னால் ஏறி, மகளுக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னான். வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே பார்த்தார்கள். சோலை அழவில்லை. முகம் பழையபடி இறுகியது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அக்கா பேரு என்ன?"

செல்லாண்டி விழித்தான். அதை அவன் கேட்கவில்லை. ஊரில் யாருமே கேட்கவில்லை.

மேலே கோயில் மைதானத்தில், காய்ந்துகிடந்த பாதையில் ஏறிவந்த சின்ன லாரியோடு இருளப்பன் நின்றிருந்தார். கொண்டுவந்த ஆக்சிலும் பளிச்சென்று நல்லதாகவே இருந்தது. ஜீப்பைத் தூக்கிக் கற்களில் நிறுத்தி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. எட்டுப் பேர் தூக்கி லாரியில் வைத்ததும், லாரியின் பின்பக்கம் இடப்புறமாகத் தாழ்ந்தது. ஊரே அதைப் பார்த்தது. ஜீப் தன் நாலு காலிலும் சமமாக நின்றது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் பலர் திரும்பிக்கொண்டார்கள்.

சோலைதான் முன்னால் போனாள். "மாமா, அக்கா பேரு என்ன?"

இருளப்பன் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டார். மகள் போனதிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை எடுப்பதில்லை போலும்.

"ரஞ்சிதம்" என்றார்.

"ரஞ்சிதம்" என்றாள் சோலை. ஒச்சம்மா சொன்னாள். சின்னக்காளை சொன்னார். பதினொரு வீடும் தங்கள் தங்கள் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய வாயால், ஒவ்வொருவராக லாரியருகே வந்து, அந்த ஒரே பெயரைச் சொல்லி விடைகொடுத்தார்கள். பெருமாயி கடைசியில் வந்தாள். இரும்பின் மேல் ஒரு பழஞ்சேலையை நாலாக மடித்துப் போட்டாள். இருளப்பனிடம், "வழியில தூக்கிப் போடாமப் பாத்து ஓட்டுங்கண்ணே. இங்க பழகிருச்சு அதுக்கு" என்றாள். லாரி ஒவ்வொரு வளைவாக இறங்கி மறைந்து மறைந்து தெரிந்தது. அது அடிவாரம் போகும்வரை யாரும் மைதானத்தை விட்டு நகரவில்லை.

ஞாயிறு முழுக்கச் சோலை செல்லாண்டியோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். மூலையில் யாரும் உட்காரவில்லை. வண்டி லேசாகிவிட்டிருந்தது, சின்னக் கல்லுக்கும் துள்ளியது. இரண்டு வளைவு தாண்டியதும் அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"உங்களுக்கு மொதல்லருந்தே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லிருந்தா அப்பவே அழுது முடிச்சிருப்பேன்ல."

 சோலையின் உதடு கோணியது. முதலில் சத்தமே வரவில்லை, பிறகு வந்தது. அம்மா என்று வந்தது, வேறு வார்த்தை இல்லாமல் அதுவே திரும்பத் திரும்ப வந்தது. பாதை குறுகலான இடம், நிறுத்துகிற இடமல்ல. செல்லாண்டி நிறுத்தினான். இன்ஜினை அணைத்து, பின்னால் வந்து மகளருகில் உட்கார்ந்தான். அவள் அவனைத் தள்ளினாள், பிறகு தள்ளவில்லை.

வண்டியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் நேரம் முடியப்போகிறது, ஒருவர் மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். யாரும் நேரம் கேட்கவில்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் இறங்கிப்போய், பாதையோரத்துக் கற்களில் வரிசையாக உட்கார்ந்து, அந்தப் பிள்ளை அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.